ஈவார் சின்ன அறுவைதானே, பிறகு ஏன் காய்ச்சலும் சிஆர்பி 150-உம்?

தூக்கக்கலை (கேள்வி)

சீனியர்களுக்கு வணக்கம். மயக்கவியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு வயிற்றைத் திறந்து செய்யும் ஓபன் ரிப்பேர், தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கும் ஈவார், இந்த இரண்டுக்கும் பின் உடம்பின் வளர்சிதை மாற்றம் எப்படி வேறுபடுகிறது என்பதை ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா என்று பார்க்கிறேன். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே உள்ள, வெடிக்காத வீக்கங்கள் மட்டும்.

படித்த இடமெல்லாம் "ஈவாரில் ஸ்ட்ரெஸ் ரெஸ்பான்ஸ் குறைவு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான். ஈவார் முடிந்த இரண்டாம் நாள் 38.5 டிகிரி காய்ச்சல், வெள்ளணு 14,000, சிஆர்பி (அழற்சியில் கல்லீரல் விடும் புரதம்) லிட்டருக்கு 150 மி.கி. என்று ரிப்போர்ட் வருவது அபூர்வம் இல்லை. ஓபன் ரிப்பேர் நோயாளியின் சிஆர்பியும் அந்த உயரத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் குறைவது எது?

இன்னும் இரண்டு சந்தேகம். நல்ல எபிடியூரல் (முதுகுத்தண்டு வழியாக மரத்துப்போகச் செய்யும் மருந்து) போட்டால் ஓபன் ரிப்பேரின் ரெஸ்பான்ஸ் ஈவார் அளவுக்கு இறங்குமா? ஆய்வில் எதை, எந்த நேரத்தில் அளப்பது?

கிளாம்ப்_நேரம்

ஸ்ட்ரெஸ் ரெஸ்பான்ஸ் என்று ஒற்றைப் பெயர் வைத்துவிட்டதால் வரும் குழப்பம் இது. உள்ளே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று நரம்பு வழி: வயிற்றுச் சுவர், பெரிட்டோனியம் (வயிற்றின் உள்ளுறை), குடல் எல்லாவற்றிலிருந்தும் செய்தி ஹைப்போதலாமஸுக்குப் போய், கார்ட்டிசால், அட்ரினலின், நார்அட்ரினலின், குளுக்கோகான், ஏடிஎச் எல்லாம் சில நிமிடங்களில் ஏறும். மற்றொன்று திசு வழி: அடிபட்ட திசுவும் வெள்ளணுக்களும் ஐஎல்-6 (இன்டர்லூக்கின்-6, அழற்சிச் செய்தி கொண்டுபோகும் சைட்டோகைன்) வெளியிட, கல்லீரல் அதைக் கேட்டு சிஆர்பி தயாரிக்கும். இதற்கு மணிக்கணக்கு ஆகும். ஐஎல்-6 உச்சம் 24 மணி நேரத்துக்குள், சிஆர்பி உச்சம் 48 முதல் 72 மணி நேரத்தில்.

இரண்டும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பித்தப்பை அறுவையை நினைத்துப் பாருங்கள். லேப்ராஸ்கோப்பி வந்ததும் ஐஎல்-6, சிஆர்பி நன்றாகக் குறைந்தன, ஆனால் கார்ட்டிசால் பெரிதாகக் குறையவில்லை. தோலில் வெட்டு சிறிதாகிவிட்டது, பெரிட்டோனியம் இழுபடுவது மாறவில்லை. ஈவாரில் நேர்மாறான நிலை. பெரிட்டோனியத்தை யாரும் தொடுவதே இல்லை, அதனால் நரம்பு வழி ரெஸ்பான்ஸ் மிகவும் தாழ்ந்துவிடும். அழற்சி வழி மட்டும், வேறொரு காரணத்தால், மிச்சம் இருக்கும். உங்கள் 150 அங்கிருந்து வருவது. அதை ரத்தக்குழாய் அறுவைக்காரர்கள் யாராவது விளக்கட்டும்.

ஓபன் ரிப்பேரில் என்ன நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். வயிறு திறந்து குடலை ஒதுக்கிய பத்து, பதினைந்து நிமிடத்தில் சிலருக்கு முகம் சிவந்து, இதயத்துடிப்பு ஏறி, பிரஷர் விழும். குடல்தாங்கி இழுபடும்போது வெளிப்படும் புராஸ்டாசைக்ளின் வேலை அது. மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்று தவறாக எண்ணி வேப்பரைசரைக் குறைப்பவர்கள் உண்டு. அடுத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், அதன் பின் பெருந்தமனியை இறுக்கி மூடும் கிளாம்ப். கிளாம்ப்புக்குக் கீழே இடுப்புக்கும் கால்களுக்கும் கிளைக்குழாய் வழியாக வருவது மட்டும்தான் ரத்தம். உடம்பு மொத்தமாக உபயோகிக்கும் ஆக்ஸிஜன் அளவு இந்த நேரத்தில் குறையும். அதைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, கடன் கீழே ஏறிக்கொண்டிருக்கிறது. லாக்டிக் அமிலம், பொட்டாசியம், கார்பன் டை ஆக்ஸைடு எல்லாம் கால் தசையில் தேங்கி நிற்கும்.

கிளாம்ப்பை எடுத்த ஒரு நிமிடத்துக்குள் மூச்சில் வெளிவரும் (எண்ட் டைடல்) கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், பிரஷர் விழும், பிஎச் இறங்கும். எடுப்பதற்கு முன்பே திரவம் ஏற்றி, ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தை நிறுத்தி, வென்டிலேஷனைக் கூட்டி, பினைலெஃப்ரின் அல்லது நார்அட்ரினலின் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு காலை முதலில், அடுத்த காலைச் சில நிமிடம் கழித்து என்று சர்ஜனிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தாங்கவில்லை என்றால் விரலால் திரும்ப அழுத்தச் சொல்லலாம்.

லாக்டேட் இதற்குப் பிறகு மணிக்கு மணி இறங்க வேண்டும். ஆறு மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டே இருந்தால் "அறுவையின் ரெஸ்பான்ஸ்" என்று ஒதுக்காதீர்கள். இடப்பக்கப் பெருங்குடலுக்கு ரத்தம் போகிறதா, கால் தமனித் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

ஈவாரில் கிளாம்ப் இல்லை என்பது உண்மை, ஆனால் இஸ்கீமியா (ரத்த ஓட்டக் குறைவு) சுத்தமாக இல்லை என்பது தவறு. பெரிய ஷீத் (கிராஃப்டை உள்ளே கொண்டுபோகும் குழாய்) தொடைத் தமனியை அடைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அந்தக் கால் பட்டினிதான். இலியாக் தமனி குறுகலான நோயாளிகளில் இதைக் கவனியுங்கள்.

நாளவைத்தியன்

மேலே விட்டுவைத்த பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஈவாருக்குப் பிறகு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வெள்ளணு 12,000-க்கு மேல், சிஆர்பி உயர்வு, கிருமித் தொற்றுக்கு அடையாளம் எதுவும் இல்லை என்றால் அதற்குப் போஸ்ட் இம்ப்ளான்டேஷன் சிண்ட்ரோம் என்று பெயர். எத்தனை பேருக்கு வரும் என்பது வரையறையைப் பொறுத்து ஆய்வுக்கு ஆய்வு பெரிய அளவில் மாறுகிறது. அதனால் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள்.

காரணம் இரண்டு. கிராஃப்டின் துணி முதலாவது. நெய்த பாலியெஸ்டர் துணி போட்ட கிராஃப்ட்களில் இது அதிகம், ஈபிடிஎஃப்ஈ (டெஃப்லான் வகைப் படலம்) போட்டவற்றில் குறைவு. இரண்டாவது, வீங்கிய தமனிப் பையில் உள்ள ரத்தக்கட்டி. பழைய கட்டியைக் கம்பியும் ஷீத்தும் உரசிக்கொண்டு போகின்றன. கிராஃப்ட் விரிந்த பின் பைக்குள் சிக்கிய ரத்தமும் புதிதாக உறைகிறது. ஓபன் ரிப்பேரில் இந்தக் கட்டியை நாம் கையால் அள்ளி வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். ஈவாரில் அது உள்ளேயே இருந்து ஐஎல்-6 அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே ஐஎல்-6 கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், வீங்கிய தமனிச் சுவரே ஓர் அழற்சிக் கூடம்.

நடைமுறையில் வேண்டியது: நோயாளி தெளிவாக இருக்கிறார், சாப்பிடுகிறார், பிரஷர் நன்றாக இருக்கிறது, தொடைக் காயம் சுத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் சுத்தம் என்றால் பாராசிட்டமால் போதும். சந்தேகம் இருந்தால் ரத்தக் கல்ச்சர் இரண்டு செட், கிருமித் தொற்றில் ஏறும் புரோகால்சிட்டோனின் ஒன்று. மீரோபெனம் மாதிரி ஆன்டிபயாடிக் எழுத வேண்டாம். டைக்ளோஃபெனாக் நிச்சயமாக வேண்டாம், அப்போதுதான் நூறு மில்லிக்குப் பக்கமாகக் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரே சாயம்) சிறுநீரகத்துக்குள் போயிருக்கிறது. மயக்கத்துக்கு முன் உயர் அளவு மெத்தில்பிரெட்னிசலோன் கொடுத்தால் இந்தக் காய்ச்சலும் ஐஎல்-6-உம் குறையும் என்று டென்மார்க்கில் ஒரு ராண்டமைஸ்டு சோதனை காட்டியிருக்கிறது. காய்ச்சலைக் குறைக்க அவ்வளவு ஸ்டீராய்டு கொடுப்பது என் கணக்கில் லாபம் இல்லை, சர்க்கரை நோயாளிக்கு அறவே இல்லை.

குறைவது எது என்று கேட்டீர்கள். முதல் முப்பது நாள் இறப்பு குறைகிறது. பிரிட்டனின் ஈவார்-1 சோதனையில் ஈவாருக்கு 1.7%, ஓபனுக்கு 4.7%. நெதர்லாந்தின் ட்ரீம் சோதனையில் 1.2%, 4.6%. இரண்டும் 2004-இல் வெளிவந்தவை. அந்த லாபம் நிரந்தரம் இல்லை. ஈவார்-1-இன் பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பில் எட்டு ஆண்டுக்குப் பின் ஈவார் குழுவில்தான் இறப்பு கூடுதல், முக்கியமாகப் பை பின்னாளில் வெடித்ததால். இது கிராஃப்டைத் தாண்டிப் பைக்குள் ரத்தம் கசிவதன் கதை, வளர்சிதை மாற்றத்தின் கதை இல்லை. ஆய்வேட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

முதுகுத்தண்டு4

எபிடியூரல் பற்றி. சுருக்கமான பதில்: இறங்காது.

நீளமான பதில்: தொப்புளுக்குக் கீழான அறுவையில் டி4 முதல் எஸ்5 வரை (நெஞ்சு நடுவிலிருந்து கீழே எல்லாத் தண்டுவட நரம்புகளையும்) முழுசாகப் பிளாக் செய்தால் கார்ட்டிசால், சர்க்கரை ஏற்றத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தலாம். மேல் வயிறு வரை வெட்டு போகும்போது அது நடக்காது, வேகஸ் நரம்பும் ஃப்ரீனிக் நரம்பும் எபிடியூரலுக்குக் கட்டுப்படாமல் செய்தி கொண்டுபோகும். சர்க்கரையும் நைட்ரஜன் இழப்பும் (புரதம் கரைவதன் அளவு) ஓரளவு குறையும், கார்ட்டிசால் ஏறியே தீரும். ஐஎல்-6, சிஆர்பி இரண்டையும் எபிடியூரல் அசைக்காது, காயம் பட்ட திசு நரம்பைக் கேட்டுக்கொண்டு சைட்டோகைன் விடுவதில்லை.

உங்கள் ஆய்வுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓபன் குழு பொது மயக்கமும் எபிடியூரலும், ஈவார் குழு தொடையில் லோக்கல் மட்டும் என்று போனால் நீங்கள் அறுவையை ஒப்பிடவில்லை, மயக்க முறையை ஒப்பிடுகிறீர்கள். ஈவார் குழுவுக்குள்ளேயே ஒருவருக்கு லோக்கல், ஒருவருக்கு பொது மயக்கம் என்றால் கார்ட்டிசால் எண்கள் சிதறிவிடும். ஒரு குழுவுக்கு ஒரே முறை என்று எழுதி வையுங்கள்.

இண்டக்‌ஷனில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைப் போடாதீர்கள். ஒரே டோஸ் அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் தயாரிக்கும் நொதியான 11-பீட்டா ஹைட்ராக்ஸிலேஸை 6 முதல் 12 மணி நேரம் முடக்கும். இதய பலவீனம் உள்ளவர் என்று ஓபன் குழுவில் நான்கு பேருக்குப் போட்டுவிட்டால் "ஓபனில் கார்ட்டிசால் குறைவு" என்று வேடிக்கையான முடிவு வரும்! வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் இதே மாதிரிதான். சர்க்கரையை ஏற்றும், ஐஎல்-6, கார்ட்டிசால் இரண்டையும் இறக்கும். ஆன்டான்செட்ரான் போதும்.

கஞ்சிக்கணக்கு

உணவியல் பக்கத்திலிருந்து. எல்லோரும் ஹார்மோனையும் சைட்டோகைனையும் பேசுகிறீர்கள், நோயாளி வீட்டுக்குப் போகும்போது நடக்க முடியாமல் போவது தசை கரைந்ததால். கிளாஸ்கோவில் 1930-களில் கத்பர்ட்சன் கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை அளந்து காட்டியது இதைத்தான்.

கணக்கு எளிது. உள்ளே போன புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் உள்ளே போன நைட்ரஜன். வெளியேறியது, 24 மணி நேரச் சிறுநீரின் யூரியா நைட்ரஜனோடு 4 கிராம் (மலம், தோல், யூரியா அல்லாத நைட்ரஜன்) கூட்டினால் வரும். நம் ஊர் லேப்கள் யூரியா என்றே ரிப்போர்ட் தரும், யூரியா நைட்ரஜன் என்று தராது. 0.467-ஆல் பெருக்க மறந்தால் விடை இரண்டு மடங்குக்கு மேல் தப்பும்.

ஓபன் ரிப்பேர் முடிந்த மூன்றாம் நாள், 70 கிலோ நோயாளி என்று வைப்போம். சிறுநீரில் யூரியா 30 கிராம். 30 × 0.467 = 14 கிராம் நைட்ரஜன். 4 கூட்டினால் 18. அன்று அவர் சாப்பிட்டது 60 கிராம் புரதம் என்றால் உள்ளே 9.6. மீதி மைனஸ் 8.4. ஒரு கிராம் நைட்ரஜன் சுமார் 30 கிராம் தசைக்குச் சமம், ஆக ஒரே நாளில் கால் கிலோ தசை போயிற்று. நிஜத்தில் மூன்றாம் நாள் 60 கிராம் புரதம் சாப்பிடுபவர் அரிது, குடல் இன்னும் அசைந்திருக்காது. ஈவார் நோயாளி அன்று மாலையே இட்லி சாப்பிடுகிறார். இழப்பு குறைவதற்கு ஹார்மோன் பாதி, இந்த இட்லி பாதி. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் சாப்பிட்டதை எழுதிவைத்தே ஆக வேண்டும்.

இலக்கு கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.5 கிராம் வரை புரதம். 70 கிலோவுக்கு 105 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், பால் 100 மில்லியில் 3 கிராம் சொச்சம், இட்லி ஒன்றில் 2 கிராம். உறவினர்கள் அன்போடு ஊட்டும் ஜவ்வரிசிக் கஞ்சியில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, கிரியாட்டினின் ஏறியவருக்கு அதை நிறுத்துங்கள்.

இன்னொன்று, ஆல்புமின் 3.8-இலிருந்து 2.6-க்கு இறங்கியதைக் காட்டி "சத்துக்குறைவு" என்று எழுத வேண்டாம். இரண்டு நாளில் அவ்வளவு இறங்குவது நுண்குழாய்க் கசிவாலும் ஏற்றிய திரவத்தாலும். பிரீஆல்புமினும் சிஆர்பி ஏறும்போது இறங்கும்.

தூக்கக்கலை

இத்தனை விவரத்துக்கு நன்றி. சர்க்கரை, கார்ட்டிசால், ஐஎல்-6, சிஆர்பி, லாக்டேட், சிறுநீர் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்கிறேன். கொழுப்பு அமிலமும் சேர்க்கலாமா? சர்க்கரை மாத்திரைகளை எப்போது நிறுத்துவது? சாம்பிள் நேரமும் சொன்னால் புரோட்டோகால் எழுதிவிடுவேன்.

டியூப்மூடி

லேப் ஆள். கொழுப்பு அமிலத்தை விட்டுவிடுங்கள். ஹெப்பாரின் போட்ட நிமிடமே ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் கழன்று ரத்தத்தில் கலந்து ட்ரைகிளிசரைடை உடைக்கும். டியூபுக்குள் போன பிறகும் உடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு குழுவுக்கும் ஹெப்பாரின் உண்டு, அளவு வேறு, நேரம் வேறு. வரும் எண் உங்கள் நோயாளியுடையதா, டியூபுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரம்: மயக்கத்துக்கு முன், கிளாம்ப் எடுக்கும் முன் (ஈவாரில் கிராஃப்ட் விரிக்கும் முன்), எடுத்து 5 நிமிடம், அறுவை முடிவு, பிறகு 6, 24, 48, 72 மணி நேரம். எட்டு சாம்பிளிலும் எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். லாக்டேட் முதல் ஐந்துக்கு. சிஆர்பி முதல் சாம்பிளுக்கும் கடைசி மூன்றுக்கும். கார்ட்டிசாலுக்கு, அறுவை எல்லாம் காலையில் முதல் கேஸாகத் தொடங்க வேண்டும். காலை எட்டு மணி அளவும் மாலை நான்கு மணி அளவும் ஒரே ஆளிடமே வேறு. பெரிய அறுவையில் 400 நானோமோலிலிருந்து 1,500-க்கு மேல் 4 முதல் 6 மணி நேரத்தில் போகும். நம் லேப் மைக்ரோகிராமில் தரும், 27.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பிரெட்னிசலோன் சாப்பிடுபவரைச் சேர்க்காதீர்கள், கிட் அதையும் கார்ட்டிசால் என்றே எண்ணும்.

சர்க்கரைக்கு ஃபுளோரைடு டியூப், லாக்டேட்டுக்கு அதுவே, ஐஸில். ஐஎல்-6-க்கு எடுத்த ரத்தம் மேசையில் மூன்று மணி நேரம் கிடந்தால் வெள்ளணுக்கள் டியூபுக்குள்ளேயே சுரக்கத் தொடங்கும். உடனே சுழற்றிப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், சிறு சிறு பங்காக. ஒரே குப்பியை நாலு முறை உருக்கி உறைய வைத்தால் பயன் இல்லை. ஹெமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓபனில் மூன்று லிட்டர் திரவம் ஏறியிருக்கும், நீர்த்துப்போனதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் ஓபன் குழுவின் எண்கள் பொய்யாகக் குறையும்.

கிளாம்ப்_நேரம்

மாத்திரைக்கு: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகளை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்துங்கள். பட்டினி, கார்ட்டிசால், இன்சுலின் குறைவு மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை 160-இல் இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்வது) வரும். அமிலம் அதிகமாக இருக்கிறது, லாக்டேட் 2-தான் என்றால் கீட்டோன் பாருங்கள். மெட்ஃபார்மினை ஈவார் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்தபின் தொடங்குங்கள். சிறுநீரகத் தமனி வாசலிலேயே கான்ட்ராஸ்ட் விடுகிறோம், கை நரம்பில் போடும் சிடி ஸ்கேன் மாதிரி இல்லை.

சர்க்கரை இலக்கு 140 முதல் 180. அதைவிட இறுக்கிப் பிடிக்க ஆசை வந்தால் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வந்த நைஸ்-ஷுகர் சோதனையின் முடிவு ஞாபகம் வரட்டும்: 81-108 என்று இறுக்கிய குழுவில் 90 நாள் இறப்பு 27.5%, தளர்த்திய குழுவில் 24.9%. ஒவ்வொரு நாளும் இன்சுலின் யூனிட் எவ்வளவு போனது என்று எழுதுங்கள். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைச் சமப்படுத்திவிட்டு "இரண்டு குழுவிலும் சர்க்கரை ஒன்றே" என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியே அங்கே கேட்பார்.

உடல் வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள், இரண்டு குழுவுக்கும் 36-க்கு மேல். குளிர்ந்து எழுந்து நடுங்கினால் ஆக்ஸிஜன் தேவை எகிறும், கேட்டகோலமைன் (அட்ரினலின், நார்அட்ரினலின்) ஏறும், அது அறுவையின் கணக்கில் விழுந்துவிடும். ஓபனில் சூடான காற்றுப் போர்வை நெஞ்சுக்கும் கைக்கும் மட்டும். கிளாம்ப் இருக்கும்போது கால் மேல் போட்டால் ரத்த ஓட்டம் இல்லாத தோல் அந்தச் சூட்டைக் கடத்த முடியாமல் வெந்துவிடும். தியேட்டர் நர்ஸிடம் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள், கால் சில்லென்று இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் போர்த்திவிடுவார்கள்.